இருபத்தேழாவது கட்டம்

விசா விண்ணப்பம் ஆளுக்குப் பதினாறு பக்கம். அதை நிரப்ப அவர் சாப்பாட்டு மேசையை ஒன்பது நாள் பிடித்துக்கொண்டார்.

வலது பக்கம் மூன்று பேனா. இடது பக்கம் அடிக்கோல். நடுவில் விண்ணப்பம், அதன்மேல் பேப்பர் வெயிட். பக்கத்தில் யாரும் வரக்கூடாது. மனைவி தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒன்பது நாளும்.

அவர் குடிநீர் இணைப்பு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் இருந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். குழாய் கேட்டு வந்த ஜனங்கள் அவருக்கு வைத்த பெயர் நாளைக்குவா. மனுவை வாங்குவார். ஒரு காலிக் கட்டத்தைத் தேடிப் பிடிப்பார். சிவப்பு மையால் சுழிப்பார். "நாளைக்கு வா" என்பார். அப்படிப் போய்ப் போய் வந்தவர்களில் சிலர் வீட்டுக் குழாயில் தண்ணீரைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்கள். அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. தான் கையெழுத்துப் போட்ட கோப்பு ஒன்றுகூடத் தணிக்கையில் மாட்டியதில்லை என்பதை மட்டும் வருகிறவர் போகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

"கட்டம்னு ஒண்ணு போட்டிருந்தா அதுல எழுதணும்" என்றார், விண்ணப்பத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பொருந்தினா மட்டும் எழுதுங்கன்னு மேல போட்டிருக்கே."

"உனக்கு என்ன தெரியும்?"

முப்பத்துநான்கு வருடமாக அவர் அவளிடம் கேட்டுவரும் கேள்வி இது. பதிலுக்கு ஒருமுறைகூட நின்றதில்லை.

மகளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். விமானத்தில் பதினொரு மணி நேரம் போக வேண்டிய ஊர். இதற்கு முன் ஒன்று உண்டாகி, ஏழாம் மாதத்தில் தங்காமல் போனது. அன்று மாப்பிள்ளை ஷிஃப்டில் இருந்தார். மகள் குளியலறைத் தரையில் கிடந்தபடி அம்மாவுக்குப் போன் போட்டாள். ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடமும் இவள் இங்கே மெஷின்மேல் கையை ஊன்றிக்கொண்டு, "இருக்கேன்டி, அம்மா இருக்கேன்டி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

இந்தத் தடவை வயிற்றைக் கீறித்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லித் தேதியும் கொடுத்துவிட்டார்கள். மகள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அம்மா, நீ மட்டும் வா. போதும்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவர் மேசையிலிருந்தே குரல் கொடுத்தார். "அவ மட்டும்னா? உங்கம்மாவை ஏர்போர்ட்ல தனியா விட்டா எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம அழுதுட்டு நிப்பா."

"இல்லப்பா, ரெண்டு பேரும் சேர்ந்து அப்ளை பண்ணா ஆபீசருங்க ரொம்ப யோசிப்பாங்கன்னு இங்க எல்லாரும் சொல்றாங்க."

"யோசிக்கட்டும். நான் எழுதற மனுவைப் படிச்சா எந்த ஆபீசரா இருந்தாலும் யோசிப்பான்."

அதுவும் அப்படியே நடந்தது.

காலிக் கட்டம் கூடாது என்பதைப் போல அவருக்கு இன்னொரு கொள்கையும் இருந்தது. எழுத்தில் எதற்கும் பிடிகொடுக்கக் கூடாது. ஆம் என்று எழுதினால் ஒருநாள் மாட்டுவோம். இல்லை என்று எழுதினாலும் மாட்டுவோம். அதனால் எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்: சூழ்நிலையைப் பொறுத்துப் பரிசீலிக்கப்படும். அலுவலகத்தில் பிடித்த பழக்கம் வீட்டுக்கும் வந்தது. மகள் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்கட்டுமா என்று கேட்டபோது அதைச் சொன்னார். சுற்றுலா போய் வந்தவர்கள் போட்டோக்களைக் காட்டிய பிறகும் அது பரிசீலனையில் இருந்தது. மனைவி ஒரு தையல் மெஷின் கேட்டாள். ஆறு வருடம் பரிசீலித்தார். ஏழாவது வருடம் அவள் வளையலை விற்று வாங்கிக்கொண்டாள். இப்போது அந்த மெஷினில் இரண்டு பள்ளிக்கூடங்களுக்குச் சீருடை தைக்கிறாள். அவருடைய ரேடியோவைவிட அதுதான் வீட்டில் அதிகம் சத்தம் போடுகிறது என்பது அவருக்கு ஒரு குறை.

பத்தாம் நாள் விண்ணப்பத்தைக் கட்டி முடித்தார். பச்சைக் கோப்பு, பக்கத்துக்குப் பக்கம் எண். "நான் ஒரு தடவை பாக்கட்டுமா?" என்று அவள் கேட்டாள். "பாத்து?" என்றார். அவளுடைய விண்ணப்பத்திலேயே அவள் கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் காட்டினார். மற்றதைக் கையால் மூடிக்கொண்டார். பரீட்சையில் பக்கத்துப் பையன் காப்பியடிப்பானோ என்று பயப்படுகிற முதல் பெஞ்சுப் பையன் மாதிரி.

விசா மையத்தில் டோக்கன் போட்டு உட்கார வைத்தார்கள். வரிசை வரிசையாக இரும்பு நாற்காலி. எல்லார் மடியிலும் ஒரு கோப்பு. எல்லார் முகத்திலும் கைதாகப் போகிறவனின் மரியாதை. அவர் மட்டும் கால்மேல் கால் போட்டு, வேலை செய்கிற பெண்களை மேற்பார்வை பார்த்தார். "அந்தப் பொண்ணு ஸ்டேப்ளர் அடிக்கிற லட்சணத்தைப் பாரு" என்று மனைவியிடம் சொன்னார்.

அந்தப் பெண்தான் அவரைக் கூப்பிட்டாள். கோப்பைப் புரட்டினாள்.

"சார், பழைய பாஸ்போர்ட் நகல் எங்க?"

"அது காலாவதியானது."

"அதோட நகல்தான் கேக்கறேன்."

"காலாவதியான ஆவணத்துக்கு நகல் எதுக்கும்மா? விதி எங்க இருக்கு, காட்டு பாக்கலாம்."

அவள் கண்ணாடிக்கு உட்புறம் ஒட்டியிருந்த தாளைச் சுட்டினாள். நாலாவது வரி. அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி, இறக்கி, படித்தார்.

"நாளைக்கு வாங்க சார்" என்றாள் அந்தப் பெண்.

மனைவி சட்டென்று திரும்பி, சுவரில் இருந்த தீயணைப்புக் குறிப்புகளை மிகக் கவனமாகப் படிக்கத் தொடங்கினாள். தோள் குலுங்கியது. இருமல் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. இரண்டு உறை, இரண்டிலும் ஒரே கடிதம். குறித்த காலத்தில் நாட்டைவிட்டு வெளியேறுவீர்கள் என்று எனக்குத் திருப்தி ஏற்படவில்லை, விசா மறுக்கப்படுகிறது. இதற்கு மேல்முறையீடு கிடையாது. விரும்பினால் புதிதாக விண்ணப்பிக்கலாம்.

அவர் நின்றுகொண்டே படித்தார். உட்கார்ந்து ஒருமுறை படித்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"கையெழுத்தே இல்ல. இதுக்கு மதிப்பே கிடையாது."

மகள் போனில் அழவில்லை. அதுதான் அம்மாவுக்குப் பயமாக இருந்தது. "பரவால்லம்மா. பாத்துக்கறேன்" என்றாள். அன்று குளியலறைத் தரையில் கிடந்தபோதும் முதலில் இதைத்தான் சொன்னாள். ஆபரேஷனுக்குப் பத்து வாரம் இருந்தது.

அவர் மறுபடி மேசையைப் பிடித்தார். மேல்முறையீடு எழுதப் போகிறாராம்.

"அது கிடையாதுன்னு எழுதியிருக்காங்களே."

"எவனாவது தன் மேல மேல்முறையீடு உண்டுன்னு அவனே எழுதுவானா? உனக்கு என்ன தெரியும்?"

ஒரு வாரத்தில் பதினொரு பக்கம் ஆனது. அனுப்ப முகவரி இல்லை. அதைப் பன்னிரண்டாவது பக்கத்தில் கண்டித்து எழுதிக்கொண்டிருந்தார்.

ஒரு மத்தியானம் அவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கும்போது அவள் விண்ணப்ப நகல் இருந்த பச்சைக் கோப்பை எடுத்தாள். பத்தாம் வகுப்பு இங்கிலீஷ்தான். எழுத்துக் கூட்டிப் படித்தாள். முதலில் தன்னுடையது. தொழில் என்ற கட்டத்தில் இல்லை என்று இருந்தது. பக்கத்தில் நாற்பது பாவாடைகள் ப்ளீட் வைத்து அடுக்கிக் கிடந்தன. அவற்றை ஒருமுறை பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள். யாரைச் சார்ந்து வாழ்கிறீர்கள்: எல்லா விஷயத்திலும் கணவரை. பயணத்தின் நோக்கம் என்ற கட்டம் இரண்டு வரி. அவர் தனித்தாள் இணைத்து நாலு பக்கம் எழுதியிருந்தார். மகளின் குடும்ப நிர்வாகத்தை நேரில் ஆய்வு செய்தல் என்பதும் நோக்கங்களில் ஒன்று. பிறக்கும் குழந்தைக்கு உதவி தேவைப்படாத நிலை வரும்வரை உடனிருத்தல் என்பது இன்னொன்று.

இருபத்தேழாவது கட்டம், திரும்பும் தேதி. அடிக்கோல் வைத்து எழுதிய மாதிரி நேரான கையெழுத்து. சூழ்நிலையைப் பொறுத்துப் பரிசீலிக்கப்படும்.

அவள் கோப்பை மூடினாள். அவர் குறட்டை ஒருமுறை தடுக்கி மறுபடி ஓடியது. கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. சாக்கடையில் மிதப்பதைப் பார்த்தால் கோபமா வரும்? புடவையைத் தூக்கிப் பிடித்துத் தாண்டிப் போவோம். அப்படித்தான் இருந்தது. கோப்பைப் பையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

விசா ஏஜெண்ட் அம்மா மருந்துக்கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தாள். நாற்பது வயது. இரண்டு போன், ஒரு பெடஸ்டல் ஃபேன், ஆடை கட்டிய டீ. கோப்பை வாங்கி, இங்கே இரண்டு பக்கம் அங்கே இரண்டு பக்கம் படித்தாள். பிறகு டீயைத் தள்ளி வைத்துவிட்டு முதலிலிருந்து ஆசையாகப் படித்தாள்.

"எந்த மகானுபாவர் எழுதினதும்மா இது?"

"எங்க வீட்டுக்காரர்."

"விசா அப்ளிகேஷன்னு யாரும் சொல்லலியா அவருக்கு? கட்சி மாநாட்டுத் தீர்மானம் மாதிரி இருக்கு." ஒரு பக்கத்தில் நின்றாள். "குடும்ப நிர்வாகத்தை ஆய்வு செய்தல்! ஐயோ, இதை நான் ஃப்ரேம் போட்டு மாட்டணும்."

"மாட்டிக்கம்மா. எனக்கு விசா கெடைக்குமா, அதைச் சொல்லு."

ஏஜெண்ட் சிரிப்பை நிறுத்தினாள். அவள் முகம் வேலைக்குத் திரும்பியது. "தனியாப் போங்க. ரெண்டு பேரும் கெளம்பினா இங்க உங்களைப் பிடிச்சு இழுக்க எதுவும் மிச்சமில்லன்னு அர்த்தம். ஆபீசர் பாக்கறது ஒண்ணே ஒண்ணுதான். இந்தம்மா திரும்பி வர என்ன காரணம் இருக்கு? வேலை இருக்கா?"

"சீருடை தைக்கறேன். ரெண்டு ஸ்கூலுக்கு. பதினாறு வருஷமா."

"அடக் கடவுளே! இதுல தொழில் இல்லன்னு போட்டிருக்கு?"

"அவர் போட்டது."

"ஸ்கூல்ல லெட்டர் வாங்குங்க. அடுத்த வருஷ ஆர்டர், எந்தத் தேதிக்குள்ள வேணும், எல்லாம். அது ஒரு பிடி. இன்னொரு பிடி வேணும். வீட்டுக்காரர் எப்படி? திடமா இருக்காரா?"

"திடமாத்தான் இருக்காரு. அதான் கஷ்டம்."

"பொய் மட்டும் வேணாம்மா. பொய் சொன்னா பத்து வருஷத்துக்குக் கதவைச் சாத்திடுவாங்க. நிஜமாவே கேக்கறேன். நீங்க இல்லன்னா அவரால என்ன முடியும்?"

அவள் யோசித்தாள். ஃபேன் இரண்டு தடவை இந்தப் பக்கம் வந்து போனது.

"ரேடியோ போடுவாரு" என்றாள்.

"அப்புறம்?"

"திருப்புவாரு. வேற ஸ்டேஷன்."

ஏஜெண்ட் மேசைமேல் தட்டினாள். "இதைத்தான் எழுதணும். அவரு கைப்பட எழுதித் தரணும். ஏன்னா இதுல நீங்கதான் அவரைச் சார்ந்து இருக்கறதா இருக்கு. அது அவங்க கம்ப்யூட்டர்ல ஏறிப்போச்சு. இப்ப நீங்க வந்து வேற மாதிரி சொன்னா, அப்ப சொன்னது பொய்யா இப்ப சொல்றது பொய்யான்னு கேப்பாங்க. நான் அன்னைக்கு எழுதினது தப்பு, நான்தான் அவளை நம்பி இருக்கேன்னு எழுதினவரே எழுதணும். தமிழ்லயே எழுதட்டும், நான் மொழிபெயர்த்து வச்சுடறேன். இங்கிலீஷ்ல விட்டா மறுபடி மாநாடு போட்டுடுவாரு."

"தப்புன்னு எழுதணுமா?"

"ஆமா."

"அவரா?"

"ஏம்மா, அவ்வளவு கஷ்டமா?"

அவருடைய முப்பத்தொரு வருடத்துக் கோப்புகளில் அப்படி ஒரு வரி கிடையாது. மகள் பிறந்த தேதியைப் பள்ளிக்கூடத்தில் மாற்றி எழுதிக் கொடுத்தவர் அவர்தான். மகள்தான் தப்பான நாளில் பிறந்தாள் என்பது போல இன்றுவரை நடந்துகொள்கிறார்.

"விசா வர அஞ்சு வாரம் ஆகும்" என்றாள் ஏஜெண்ட். "சீக்கிரம் வாங்க."

அன்று சாயந்திரம் அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள். அவர் பேனாவை மூடினார். மூடி சரியாக விழுந்ததா என்று பார்த்தார்.

"நான் கையாலாகாதவன்னு நானே எழுதித் தரணும். அவ்வளவுதானே?"

"ஆமா."

"யாரு சொன்னது? மருந்துக்கடை மாடில இருக்கறவளா? அவ படிப்பு என்ன?"

"அவ அனுப்பினவங்க எல்லாம் போய்ச் சேர்ந்திருக்காங்க."

"என்னால முடியாதது என்ன இருக்கு இந்த வீட்ல? ஒரு ஆபீசையே நடத்தினவன் நான்."

"சரி. இன்னும் எட்டே வாரம்தான் இருக்கு."

"மேல்முறையீட்டுக்குப் பதில் வரட்டும்."

"அதை எங்க அனுப்பினீங்க?"

அவர் ரேடியோவைப் போட்டார்.

பன்னிரண்டு நாள் போனது. பள்ளிக்கூடத்துக் கடிதம் வந்துவிட்டது. தலைமையாசிரியை அரைமணி நேரத்தில் எழுதிக் கொடுத்து, டீயும் கொடுத்து அனுப்பினாள். மகள் வீடியோவில் வயிற்றைக் காட்டினாள். கால் வீங்கியிருந்தது. மாப்பிள்ளைக்கு மறுபடி ஷிஃப்ட் மாறியிருந்தது. "பரவால்லம்மா" என்றாள்.

பன்னிரண்டாம் நாள் சாயந்திரம் மனைவி மெஷினை மூடிவிட்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"நீங்க எழுதினதே உண்மையா இருக்கட்டும். நாளைல இருந்து நான் ஊர்ல இல்ல."

"எங்க போற?"

"எங்கயும் போகல. மெஷின்கிட்டதான் உக்காந்திருப்பேன். இல்லன்னு வச்சுக்குங்க."

"பயமுறுத்தறியா?"

"இல்ல. பரிசோதனை."

மறுநாள் காலை அவள் பேக்கரியில் பன் வாங்கி வந்து தின்றுவிட்டு, எண்பது பாவாடைக்கு இடுப்புப் பட்டி வைக்க உட்கார்ந்தாள். சமையலறையில் லைட்டர் டக் டக் என்றது. நாற்பது தடவை எண்ணினாள். பிறகு அவர் குரல் கேட்டது. கேஸ் கம்பெனிக்குப் போன் போட்டிருந்தார்.

"நுகர்வோர் எண் சொல்றேன், குறிச்சுக்கம்மா. காலைல இருந்து சப்ளை இல்ல. எழுத்துபூர்வமா புகார்... என்னது? ரெகுலேட்டரா? அது எங்க இருக்கு?"

ஒருவழியாக அடுப்புப் பற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பாத்திரம் விழுந்தது. கருகல் வாசனை வந்தது. தண்ணீரைக் கருக வைக்க முடியும் என்று அவள் அன்றுதான் தெரிந்துகொண்டாள்.

மாத்திரைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று. கேட்கவில்லை. பெட்டியை மட்டும் ஆட்டினார். இந்த விஷயத்தில் அவள் விளையாடத் தயாராக இல்லை. வெள்ளையைத் தொட்டுக் காட்டினாள். புருஷன் போய்விட்டால் ஏஜெண்ட் சொன்ன இரண்டு பிடியில் ஒன்று போய்விடும்.

மத்தியானம் துணி துவைக்கும் மெஷினில் தரை துடைக்கிற திரவத்தை ஊற்றினார். நுரை நடைவரை வந்தது. அதை நாளிதழால் மூடினார். ராத்திரிக்கு ரொட்டி. மறுநாள் காலைக்கும் ரொட்டி. பத்து மணிக்கு ஈர உடம்பில் துண்டைக் கட்டிக்கொண்டு அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"பனியன் இருக்கும் இடம் தெரிவிக்கப்படுமா?"

அவள் பெடலை மிதித்தாள். மெஷின் சத்தம் அடங்கும்வரை நின்றார். அது அடங்கவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்டத் திரும்பிப் போனார். ஐம்பது வருடப் பழக்கத்தில் துண்டோடு ரேடியோவைப் போட்டார். செய்தி வாசித்தார்கள். நடுவிலேயே அணைத்தார்.

நாலு மணிக்கு மேசை நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. சட்டை மட்டும் போட்டிருந்தார். உள்ளே பனியன் இல்லை. வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து அடிக்கோல் வைத்து இடது பக்கம் கோடு போட்டார்.

"சொல்லு" என்றார்.

அவள் எழுந்து வந்து எதிரில் உட்கார்ந்தாள். முப்பத்துநான்கு வருடத்தில் அந்த மேசையில் அவர் எழுதும்போது அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"போன விண்ணப்பத்துல என் மனைவி என்னைச் சார்ந்து இருக்கறதா எழுதினேன்."

எழுதினார்.

"அது தப்பு."

பேனா நின்றது. "'விடுபட்ட விவரம்'னு போடலாமே."

"தப்பு."

"'கவனக்குறைவாக' -"

"தப்பு. மூணு எழுத்துதான். எழுதுங்க."

எழுதினார். மை கொஞ்சம் அழுந்தியிருந்தது.

"எனக்கு அடுப்புப் பத்த வைக்கத் தெரியாது."

"பழக்கமில்லை."

"தெரியாது. நேத்து கம்பெனிக்காரிகிட்ட கேட்டீங்களே, பழக்கமில்லாததுக்கா போன் போட்டீங்க?"

"ஓரளவு தெரியாதுன்னு போடறேன்."

"ஓரளவை அடிங்க."

அடித்தார். அடித்தல் இருக்கும் தாளை அரசாங்கம் ஏற்காது என்று சொல்லி வேறு தாள் எடுத்தார். மறுபடி கோடு போட்டார். மறுபடி முதலிலிருந்து எழுதினார். தப்பு என்ற சொல்லை இரண்டாம் தடவையும் எழுத வேண்டியிருந்தது. அவள் அவசரப்படுத்தவில்லை.

"என் மாத்திரை எனக்குத் தெரியாது. துணி துவைக்கத் தெரியாது. என் பனியன் எங்க இருக்குன்னு தெரியாது."

"பனியன் வேணுமா? அந்நிய நாட்டு ஆபீசர் படிக்கற கடிதம்."

"அவருக்கும் பனியன் இருக்கும். எழுதுங்க. என் மனைவி பதினாறு வருஷமா தையல் தொழில் பண்றாங்க."

"பண்றாங்க?"

"மரியாதையா எழுதுங்க. இனிமே நான் தொழில் உள்ளவ."

எழுதி முடித்து, கையெழுத்துப் போட்டு, பெயருக்குக் கீழே கண்காணிப்பாளர் (ஓய்வு) என்று போட்டார். பிறகு எழுந்து அலமாரியைத் திறந்தார். துணியில் சுற்றிய ரப்பர் முத்திரை. ஓய்வு பெற்ற அன்று ஒப்படைத்திருக்க வேண்டியது.

"அதை உள்ள வைங்க" என்றாள். "மாட்டினா ரெண்டு பேருக்கும் விசா. வேற எடத்துக்கு."

உள்ளே வைத்தார். திரும்பி வந்து தாளை ஒருதரம் பார்த்தார். கடைசி வரிக்கும் கையெழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் காலியாக இருந்தது. அவரால் அதைத் தாங்க முடியவில்லை. அவள் சொல்லாமலே எழுதினார்: மேற்படியார் குறித்த தேதியில் திரும்பிவிடுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

அவள் படித்தாள். "யாரைக் கேட்டுக்கறீங்க?"

அவர் பேனாவை மூடிக்கொண்டிருந்தார். மூடி இரண்டு தடவை தப்பியது.

"பனியன் இரும்புப் பெட்டில. இடது பக்கம்" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்துபோனாள்.

ஏஜெண்ட் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். முதல் தடவை சிரித்தாள். "இந்தக் கடைசி வரி நீங்க சொல்லிக் குடுத்ததா?"

"இல்ல. காலி எடம் இருந்தா அவருக்கு ஆகாது."

"இருக்கட்டும். ஆபீசருக்குப் புரியற பாஷை" என்றாள்.

விண்ணப்பத்தை இந்தத் தடவை இருபது நிமிடத்தில் முடித்தார்கள். பொருந்தாத கட்டங்களைக் காலியாகவே விட்டார்கள். இருபத்தேழாவது கட்டத்தில் ஒரு தேதி, ஒரு மாதம், ஒரு வருடம்.

ஐந்து வாரம் என்று சொன்னது முப்பத்துநாலு நாளில் வந்தது. ஆபரேஷனுக்கு ஏழு நாள் இருந்தது. கூரியர்காரன் வந்தபோது அவள் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். இறங்கி வந்தபோது உறை கிழிந்து கிடந்தது. அவர் மேசையில் உட்கார்ந்திருந்தார். பாஸ்போர்ட் விரித்தபடி, அதன்மேல் பேப்பர் வெயிட். அடிக்கோல் இருந்தது. விசா ஒட்டிய பக்கத்தை மூக்குக்கு அருகில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெடைச்சுடுச்சா?"

"கெடைச்சிருக்கு. ஆனா வேலையைப் பாரு. குறிப்புன்னு ஒரு எடம் விட்டிருக்கான். ஒண்ணும் எழுதாமலே அனுப்பியிருக்கான். இப்படியா அனுப்பறது? ஏர்போர்ட்ல இதையே காரணமா வச்சு -"

பேனா மூடி மேசைமேல் இருந்தது. மூடி மட்டும்.

அவள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். வாழ்க்கையில் அந்த வீட்டுக்குள் அவள் ஓடியது கிடையாது. அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். பேனா முனைக்கும் தாளுக்கும் இடையில் ஒரு நூல் போகும் அளவு இருந்தது. தையல்காரியின் பிடி. அவர் விரலைப் பிரித்தபோது பேனா உருண்டு கீழே விழுந்து, தரையில் நீலமாக ஒரு பொட்டு வைத்தது.

"என்ன எழுதப் பாத்தீங்க?"

"'இல்லை'ன்னு. குறிப்பு: இல்லை. அவ்வளவுதான். உன் நல்லதுக்குத்தான்."

அவள் பாஸ்போர்ட்டை எடுத்தாள். பக்கத்தை ஊதினாள், ஈரம் எதுவும் இல்லாவிட்டாலும். தையல் மெஷினின் இழுப்பறையில் பாபின்களுக்கு நடுவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினாள். இழுப்பறையை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். கடைசியாக மிச்சமிருந்த பாவாடையை எடுத்து ஓரம் மடித்தாள். மகளுக்குப் போன் போட வேண்டும். நூல் கோர்த்த பிறகு போடலாம். இப்போதே பேசினால் அழுகை வந்துவிடும். அவர் எதிரில் அழ அவளுக்கு விருப்பமில்லை.

அவர் குனிந்து தரையிலிருந்த மையைக் கட்டைவிரலால் தேய்த்தார். அது பெரிதானது. எழுந்து, மேசையைப் பார்த்தார். எழுத எதுவும் இல்லை. மெல்ல மெஷின்வரை வந்து நின்றார்.

"எப்ப வருவ?"

தேதி இருபத்தேழாவது கட்டத்தில் இருந்தது. பயணச்சீட்டு எடுக்கும்போது அதிலும் இருக்கப் போகிறது. பள்ளிக்கூடத்துக் கடிதத்திலும் இருந்தது. அவளுக்கு மனப்பாடம். அவள் நூலின் நுனியைப் பல்லில் கடித்துக் கூராக்கி, ஊசிக்கண்ணில் நுழைத்தாள். முதல் தடவையிலேயே நுழைந்தது.

"பரிசீலிக்கப்படும்" என்றாள்.

அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அந்த வீட்டில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.